வரைபடத்துக்குள் இருந்த இரண்டாவது ஷீட்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பொறியாளரிடம் ஆறு வருடம் கட்டட வரைபடம் போட்டுக்கொடுத்தேன். பெயர்ப் பலகையில் அவர் பட்டங்கள் பெயரைவிட நீளம். கணினியை மட்டும் தொட மாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மசால் வடை தின்ற விரலைத் திரையில் வைத்து, இதை ட்ரிம் பண்ணு, அதை ட்ரிம் பண்ணு என்பார். நீண்ட கோட்டை வெட்டும் அந்த ஒரு கட்டளைதான் அவருக்குத் தெரியும். சுவர் நீண்டால் ட்ரிம், படிக்கட்டு இடித்தால் ட்ரிம். முதுநகரில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் லீவு கேட்டபோது, அதையும் ஒரு நாளாக ட்ரிம் பண்ணினார்.

சிதம்பரத்திலிருந்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று எங்களிடம் வந்தார். முன்னால் வரிசையாகக் கடைகள், பின்னால் மண்டபம், மேலே பந்திக்கூடம். எத்தனை பேர் உட்காரலாம் என்று எக்செலில் ஓர் அட்டவணை போட்டு, அதை வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டினேன். எண்ணூறு பேர் வந்தது. விதிப்படி எண்ணூறு பேருக்குக் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும். கடைகளை எடுத்தால்தான் அந்த இடம் கிடைக்கும்.

கடைகளை எடுக்க ஆலைக்காரருக்கு மனமில்லை. முந்நூறு பேர் என்று காட்டச் சொன்னார். "வர்றவுங்கள எண்ணி எண்ணியா உள்ள வுடப்போறோம்?" என்றார். என் முதலாளிக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

அனுமதி தரும் அலுவலகத்துக்கு முந்நூறு என்ற கணக்கு போதும். ஆனால் கொத்தனாருக்கும் கம்பிக்காரருக்கும் உண்மையான கணக்கு வேண்டும். ஆகவே ஒரே எக்செல் கோப்பில் இரண்டு ஷீட் வைத்தேன். ஒன்றுக்கு 'ஆபீஸ்' என்று பெயர். மற்றதற்கு 'நிஜம்'. இதில் என் நேர்மை ஒன்றும் இல்லை. எதற்கும் சரியான பெயர் வைக்கும் பழக்கம், அவ்வளவுதான்.

வரைபடத்தில் ஒட்டிய 'ஆபீஸ்' அட்டவணை நீளமாக இருந்தது; முதலாளி வழக்கம்போல அதை ட்ரிம் பண்ணச் சொன்னார். கோடுகளைத்தான் ட்ரிம் பண்ணலாம். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய அட்டவணையை அப்படி வெட்ட முடியாது. எத்தனை வரி தெரிய வேண்டுமோ அந்த அளவுக்கு அதன் சட்டத்தைச் சுருக்கலாம். சுருக்கினேன். மூன்று வரி மட்டும் தெரிந்தது. முந்நூறு என்ற எண் அதில் பளிச்சென்று இருந்தது.

"சார், வெளியதான் தெரியாது. உள்ள ரெண்டு ஷீட்டும் அப்டியே இருக்கும். ரெண்டு தடவ க்ளிக் பண்ணா தொறந்துக்கும். வெறும் படமா மாத்தி ஒட்டிடட்டுமா?" என்று கேட்டேன்.

"அப்பறம் நம்பர் மாத்தணும்னா திரும்ப மொதல்லேந்து போடுவியா? கண்ணுக்குத் தெரியாதத எவம்மா போயி க்ளிக் பண்ணுவான்?"

அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, அனுமதி தரும் அலுவலகத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி காரில் போனார். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அங்கே ஆலைக்காரர் கதர்ச் சட்டையில், பாதி அனுமதி கிடைத்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

புதிதாக வந்திருந்த அதிகாரி என்னைவிடச் சின்னப் பெண். முதலாளி தம் அனுபவத்தைப் பற்றி ஒரு முன்னுரை கொடுத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதம் வேண்டாம், கோப்பைக் கொடுங்கள் என்றாள். அவர் பென்டிரைவைத் தாம்பூலம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

அட்டவணையில் எழுத்து சின்னதாக இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் அவள் க்ளிக் பண்ணியிருக்க வேண்டும். எக்செல் திறந்துகொண்டது. கீழே இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் முதலில் 'ஆபீஸ்' பார்த்தாள். பிறகு 'நிஜம்' பார்த்தாள்.

"எண்ணூறுன்னு இருக்கே சார்."

முதலாளி வைரஸாக இருக்கும் என்றார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பியதும், கையை என் பக்கம் நீட்டினார். "இந்தப் பொண்ணுதான் டைப் அடிக்குது. எனக்கு இதெல்லாம் தெரியாது."

ஆறு வருடத்தில் அவர் தமக்கு ஏதோ தெரியாது என்று ஒப்புக்கொண்டது அன்றுதான். வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

"நான்தான் மேடம் அடிச்சேன். சார் சொன்னத அடிச்சேன். மூடி வச்சாலும் உள்ள இருக்கும்னு அன்னிக்கே சொன்னேன்."

"நிஜம்னு பேரு வச்சது?"

"அதுவும் நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். கோப்பைத் திருப்பிக் கொடுத்து, நிஜத்துக்குத் தகுந்த மாதிரி வரைந்து எடுத்துவரச் சொன்னாள். வாசலில் முதலாளியிடம் ஆலைக்காரர் பேசியதை இங்கே எழுத முடியாது.

வேலை போகவில்லை. வரைய வேறு ஆள் இல்லை. முதலாளி என்னிடம் நாலு நாள் பேசாமல் இருந்தார். ஆறு வருடத்தில் நிம்மதியான நாலு நாள். ஐந்தாம் நாள் கடைகளை எடுத்துவிட்டு, முன்பக்கம் முழுவதும் கார் நிறுத்தும் இடமாக வரைந்தேன். அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் நான் விலகி, வீட்டிலிருந்தே வரைய ஆரம்பித்தேன்.

போன தை மாதம் பரங்கிப்பேட்டைத் தோழி ஒருத்தி, தன்னோடு படித்தவளின் கல்யாணத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அதே மண்டபம். கார் நிறுத்தும் இடத்தில் பந்தல் போட்டு, நாற்காலி மேஜை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மாடியில் இடம் பத்தவில்லையாம். கார்களெல்லாம் ரோட்டில் நின்றன. எங்கள் பஸ் கால் மணி நேரம் அதில் சிக்கிக் கிடந்தது.

"இன்னா யோசன? சாப்ட வா, பந்தி முடிஞ்சிடும்" என்றாள் தோழி.

நான் வரைந்த கார் நிறுத்தும் கட்டங்களில், ஏழாவதோ எட்டாவதோ, ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வத்தக்குழம்பு நன்றாகவே இருந்தது.