குடைக்காரர் வீடு திரும்பிய சாயங்காலங்கள்

குடைக்காரர் எங்கள் வீட்டுக்குத் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு வருவார். மழை, வெயில் எதுவும் அவருக்குத் தடையில்லை. இங்கிலீஷ் பேப்பரின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், மூன்று கட்டங்களுக்குள் குடியிருந்தவர் அவர். குட்டை உருவம், தலையில் தொப்பி, முழங்கால் வரை தொங்கும் கோட்டு, கக்கத்தில் மடக்கிய குடை. வாசலில் இடுப்பில் கை வைத்தபடி அவர் மனைவி. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கதவு. வெளிநாட்டில் வெகுகாலமாக வருகிற படக்கதையாம். அவருடைய நிஜப் பெயர் என்னவோ, குடைக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர்.

மயிலாப்பூரில் நாங்கள் இருந்த வீட்டில் ஐந்து குடித்தனங்கள், ஒரே ஒரு பேப்பர். அதை வாங்குபவர் வீட்டுக்கார மாமா. அவர் ஒரு வரி விடாமல் படித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகுதான் பேப்பர் மற்ற போர்ஷன்களுக்குக் கிளம்பும். எங்களுடையது கிணற்றடிக்குப் பக்கத்தில் கடைசி போர்ஷன். கடைசியில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, கத்தரிக்கோல் போடலாம். இத்தனூண்டு சதுரம் போனால் பழைய பேப்பர்க்காரனின் தராசு கோபித்துக்கொள்ளாது என்று மாமா பெரிய மனது பண்ணி அனுமதித்திருந்தார்.

வெட்டுவது சித்தி. அம்மாவின் தங்கை. சித்தப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, அப்புறம் தீபாவளிக்கு ஒன்று, அப்புறம் அதுவும் இல்லை. கேட்டால் 'லீவு கிடைக்கலையாம்' என்பாள் அம்மா. உலகத்திலேயே கஞ்சத்தனமான கம்பெனி அது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி பாளையங்கோட்டையில் பி.யு.சி. வரை படித்தவள். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். வாய்விட்டுப் படிக்கமாட்டாள். தனக்குள் ஒருமுறை படித்துவிட்டு, காகிதத்தை மடித்து, பிறகுதான் சொல்வாள். குடைக்காரரையும் அப்படித்தான். முதலில் உதடு அசையாமல் ஒரு வாசிப்பு. பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "பாரு, வந்துட்டாரு" என்று ஆரம்பிப்பாள்.

ஒருநாள் லஸ்ஸில் இறங்கவேண்டியவர் பஸ்ஸில் தூங்கிப்போய் அடையாறு வரை போய்விட்டார். ஒருநாள் மனைவிக்குப் பூ வாங்கப்போய் பூக்காரியோடு சண்டை. இன்னொரு நாள் செருப்பு அறுந்து ஆழ்வார்பேட்டையிலிருந்து நொண்டிக்கொண்டே நடந்து வந்தார். எது நடந்தாலும் கடைசிக் கட்டத்தில் அவர் வாசலில் நிற்பார். "இவ்வளவு நேரமா, சோறு ஆறிப்போச்சு, கால் கழுவிட்டு உள்ள வாங்கன்னு சொல்லுதா" என்று முடிப்பாள் சித்தி. மேல்நாட்டுக்காரர் எப்படி லஸ்ஸில் இறங்குவார் என்று நான் கேட்டதேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பு, வயிற்றில் சூடான காப்பி, முற்றத்துச் சுவரில் மஞ்சள் வெயில். கண் செருகும். செருகிய கண்ணுக்குள் எங்கள் சந்து நீளமாகிக்கொண்டே போகும், அதன் கோடியில் ஒரு குடை மெதுவாக, மிக மெதுவாக வந்துகொண்டே இருக்கும். இப்போதும் சில சாயங்காலங்களில் அந்தக் குடையை என்னால் பார்க்கமுடிகிறது.

கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும் அக்காவும் இந்தக் கதைக்கு அடிமை. "இன்னாம்மா, குடைக்காரரு வூட்டுக்கு வந்துட்டாரா?" என்று கேட்டு, வந்துவிட்டார் என்று உறுதியான பிறகுதான் சாம்பலில் கைவைப்பாள். கதை முடிந்ததும் சித்தி அந்தச் சதுரத்தை அப்பா வேலைபார்த்த ஜவுளிக்கடையில் கொடுத்த பழைய டைரியில் ஒட்டுவாள். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். ஒரு தேதிக்கு ஒரு குடைக்காரர்.

அப்போது மெட்ராஸுக்கு டிவி வந்த புதிது. வீட்டுக்கார மாமா வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து குடித்தனமும் அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். கண் வலிக்கிறது என்று சித்தி மட்டும் வரமாட்டாள். ஒரு ஞாயிறன்று தமிழ்ப் படத்துக்கு முன்னால் ஏதோ வெளிநாட்டுப் பொம்மைப் படம் போட்டார்கள். பொம்மை அப்பா, பொம்மை அம்மா, இரண்டு பொம்மைப் பிள்ளைகள். அவர்கள் ஏதாவது பேசியதும் எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிக்கும். யார் சிரிக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் மரியாதைக்கு நாங்களும் சேர்ந்து சிரித்துவைத்தோம்.

பொம்மை அப்பா சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்தார். அதில் மூன்று கட்டங்கள். ஒரு கட்டத்திலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பிறகு கோட்டு. பிறகு குடை.

"குடைக்காரர்!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். அன்று எனக்கிருந்த பெருமையை இன்னதென்று சொல்லமுடியாது. எங்கள் டைரியில் இருப்பவர், எங்கள் மயில்துத்த மனிதர், டிவிக்குள் வந்திருக்கிறார்! அவர் காப்பிக் கோப்பையைத் தாண்டிக் குதித்து, பொம்மை அம்மாவுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்து, ஏதோ சொன்னார். காணாத கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. மாமா, காலேஜில் படித்த தன் பெண்ணைப் பார்த்தார்.

"ஆத்துல இருக்கவே பிடிக்கலையாம்பா" என்றாள் அவள். "பேப்பர்ல தினமும் ஏதாவது சாக்கு சொல்லிண்டு கிளம்பிடுவார். இன்னிக்குப் பேப்பரை விட்டே ஓடி வந்துட்டார்."

"இல்லக்கா, அவர் வீட்டுக்கு வர்றவரு" என்றேன்.

"அசடு, போறவர்டி. அதுதானே ஜோக்கே."

கூடமே சிரித்தது. காது மடல் சூடாகிவிட்டது எனக்கு. இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். கோபத்தோடு முற்றத்தைத் தாண்டி ஓடினேன். சித்தி விளக்கடியில் உட்கார்ந்து அன்றைய சதுரத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இங்கிலீஷே தெரியல சித்தி! அவர் வர்றவர் இல்லையாம். வீட்டை விட்டுப் போறவராம். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

பசை தொட்ட விரல் அப்படியே நின்றது. "அப்படியாட்டி?" என்றாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எனக்கு எங்க தெரியுது. படத்தைப் பாத்து நானா சொல்லுததுதான்" என்றாள். தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாளே என்று எனக்குப் பரம திருப்தி. மறுபடி டிவி பார்க்க ஓடிவிட்டேன்.

மறுநாள் பேப்பர் வந்தது. "நீதான் பெரிய மனுஷி ஆயிட்டியே, நீயே படி" என்று என்னிடம் நீட்டினாள் சித்தி. 'எங்கே போகிறீர்கள்?' என்று அந்த மனைவி கேட்பது மட்டும் என் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு எட்டியது. பாத்திரம் தேய்க்கும் அக்கா வழக்கம்போலக் கேட்டாள்.

"அவர் வரவே மாட்டாரு அக்கா" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "போறவரு."

அக்கா என்னைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்தாள். "சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே தேய்த்த சட்டியை மறுபடி தேய்த்தாள். அம்மா வந்து என் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ளு என்று நான் அழுதேன். அன்றைய சதுரம் வெட்டப்படவில்லை. பசை கிண்ணத்திலேயே காய்ந்து நீலமாக வெடித்துக் கிடந்தது.

இரண்டு மூன்று வாரம் கழித்து எதிர்வீட்டுக்காரர் தந்தியோடு ஓடிவந்தார். சித்தி தனக்குள் படித்தாள். காகிதத்தை மடித்தாள். "உங்க அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். உங்களைப் பாக்கணுங்காங்க. இன்னைக்கு ரயிலுக்கே கிளம்புங்க" என்றாள். அவர் மனைவியைத் தனியே அழைத்து, வழியில் அவருக்குச் சாப்பிட ஏதாவது கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

பதினைந்து நாள் கழித்து அவர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். தந்தி வருவதற்கு முன்பே அவர் அப்பா இறந்துபோயிருந்தாராம், தந்தியிலேயே அப்படித்தான் எழுதியிருந்ததாம். கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே வந்து சித்தியைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. பி.யு.சி. வரை படித்தும் இவளுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.