நிறுவனம் இல்லாத பெயர்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் இணையப் பக்கத்தில் ‘நிறுவனம்’ என்றொரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகர முடியாது. என் பெயருக்கு எதிரே கல்லூரியின் பெயரைப் போட்டேன். இரண்டாவது பெயர், நான் அக்கா என்று கூப்பிடுபவருடையது. அவருக்கு ஏது நிறுவனம்? சாலவாக்கம் ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு. ஊரார் கழனிகளில் எலி பிடிப்பது வேலை. ‘ஏரிக்கரை, சாலவாக்கம்’ என்று தட்டினேன், ஏற்கவில்லை. ‘இல்லை’ என்று தட்டியதும் வழிவிட்டது.

என் ஆய்வு நெற்கழனி எலிகளைப் பற்றியது. எந்த மாதம், எந்த வரப்பில், எத்தனை வளை என்று உத்திரமேரூர் பக்கம் இரண்டு ஆண்டுகள் எண்ணினோம். எண்ணினோம் என்பது என் மரியாதைக்காகச் சொல்வது. எண்ணியவர் அக்கா, நோட்டும் கையுமாகப் பின்னால் நடந்தவள் நான். வரப்பில் குந்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வாயில புது மண்ணு கீது பாரு மா, உள்ள ஆள் கீது” என்பார். தோண்டினால் இருக்கும். எலி எந்தப் பருவத்தில் மேட்டு வரப்புக்குக் குடிபோகும் என்று அவர் சொன்னதுதான் கட்டுரையின் முடிவே. அவர் பெயரை எப்படி விடுவது?

விடத்தான் சொன்னார்கள். அதைச் சொல்லவே பத்து மாதம் பிடித்தது. முதல் ஐந்து மாதம் ‘மதிப்பீட்டாளரைத் தேடுகிறோம்’. பிறகு மேற்கோள் பட்டியலில் காற்புள்ளி சரியில்லை என்று திரும்பி வந்தது. அப்புறம் முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர், ஒரே ஆளின் நான்கு கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னார். அந்த ஆள் யாரென்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கடைசியில், இரண்டாம் கட்டுரையாளரை நன்றியுரைக்கு மாற்றினால் ஏற்கலாம் என்றார்கள். கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. “பேரை எடுத்துடும்மா, அவங்க இதைப் படிக்கவா போறாங்க?” என்றார் என் நெறியாளர். எடுத்தேன். இன்றும் சொல்லக் கூசுகிறது.

ஏற்புக் கடிதம் வந்த அன்றே அக்காவிடம் போய்ச் சொன்னேன். நாற்றுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுதால் என்ன சொல்வதென்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“என் பேரு இல்லாங்காட்டி எலி ஓடிடாது மா. ஆனா நான் சொன்னதுல தப்பு இருந்தா யார வந்து கேப்பாங்க? உனுக்கு இன்னா தெரியும்?”

ஆய்வு நெறி பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். இப்படி யாரும் என்னைப் பிடித்து உலுக்கியதில்லை. பெயரைப் பெருமைக்குப் போடுவதாகவே அதுவரை நினைத்திருந்தேன். தன் சொல்லுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்கிறார் இவர். அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். நெறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். கெடு தாண்டியது, நீட்டிப்புக்கு மனுப் போட்டேன். பட்டம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

வேறோர் இதழுக்கு அவர் பெயரோடு அனுப்பினேன். அங்கேயும் நிறுவனம் கேட்டார்கள். ‘நிறுவனம் இல்லை, ஆள் இருக்கிறார். சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள், தமிழில் பேசுங்கள்’ என்று எழுதி அவருடைய எண்ணையும் கொடுத்தேன். போன் வரவில்லை. ஆனால் சென்ற மாதம் உருப்படியான கேள்வி ஒன்று வந்தது: ஒரு கழனியில் மட்டும் ஒரு நாள் வளைகள் நம்ப முடியாத அளவு கூடியிருக்கின்றனவே, ஏன்?

நோட்டோடு ஓடினேன். அக்கா தேதியைக் கேட்டார். மகளின் பிரசவத்துக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாள் அது.

“அன்னிக்கு எண்ணினது யாரு?”

“நான்தான்.”

அந்தக் கழனிக்கே கூட்டிப்போனார். வரப்பின் அடியில், தண்ணீரை ஒட்டி, இப்போதும் வரிசையாக ஓட்டைகள்.

“இது நண்டு வளை மா. இத்தயும் சேத்து எண்ணிக்கினு வந்துகீற.”

அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினேன்: ‘பிழை முதல் கட்டுரையாளருடையது. கண்டுபிடித்தவர் இரண்டாம் கட்டுரையாளர்.’