சாரத்தில் தார்ப்பாய் கட்டிய மண்வீடு

2007 நவம்பரில் புதுச்சேரிக்குக் கிளம்பியது ஒரு போட்டோவுக்காக. சூளையில் சுட்ட செங்கல்லைத் தவிர்த்து, அழுத்திய மண்கல்லில் வீடு கட்டித் தரும் ஆர்க்கிடெக்ட் நான். 2001இல் புதுச்சேரியின் சாரம் பகுதியில் கட்டியதுதான் முதல் வீடு. பூச்சே இல்லாத அந்தச் செம்மண் சுவரின் படத்தைக் காட்டித்தான் மற்ற வீடுகளையெல்லாம் பிடித்தேன். மறுநாள் காலாப்பட்டில் மாணவர்களிடம் பேச வேண்டும். புதுப் படம் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று ஆசை.

கோயம்பேட்டில் காலை ஆறு மணி பஸ். ஈ.சி.ஆர். வழி, டிக்கெட் எழுபது ரூபாய், மூன்றே முக்கால் மணி நேரம். மரக்காணத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து சாரத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். "இந்த மழையில வேற எவன் சார் வருவான்?" என்றார் டிரைவர். பேரம் அத்தோடு முடிந்தது. எப்போதும் முந்தின நாளே போன் செய்துவிட்டுத்தான் போவேன். இந்த முறை லைன் கிடைக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கினேன். கிழக்குச் சுவர் முழுக்க நீலத் தார்ப்பாய். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மண்கல் விரல் நுழையும் அளவுக்குக் கரைந்திருந்தது.

வீட்டுக்காரர் பெயர் இரத்தினம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவி கொடுத்த அன்று, "என்னைக் கேட்காமல் சுவரைப் பூசக்கூடாது" என்று அவரிடம் வாக்கு வாங்கியிருந்தேன். அவர் கேட்கத்தான் செய்தார். சுவர் கரைகிறது என்று இரண்டு கடிதம் போட்டார். "மண் அப்படித்தான், பழகிவிடும்" என்று மேதாவியாக ஒரு வரி எழுதிப் போட்டேன். தப்பு மண்ணில் இல்லை. படத்தில் சுவர் முழுதாகத் தெரியட்டும் என்று அந்தப் பக்கம் கூரையை நீட்டாமல் வெட்டியவன் நான். ஐப்பசி மழை கிழக்கில்தான் அறையும் என்று தெரியாதவனா? தெரிந்தும் செய்தேன்.

"வருசா வருசம் கட்டுறதுதான் சார்," என்றார் அவர் மனைவி தனலட்சுமி. "நீங்க வரேன்னு போன் பண்ணா, இல்ல யாரையாச்சும் பாக்க அனுப்புனா, ஏணி போட்டுக் கழட்டிடுவாரு. போன வருசம் அப்படித்தான் ஏறி வுழுந்து கால ஒடச்சிக்கினாரு."

"பூசியிருக்கலாமே, ஐயா?"

"நீங்க சரின்னு சொல்லலையே சார்," என்றார் இரத்தினம். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மழை விட்டதும் கொத்தனாரோடு வருகிறேன், கூரையை நீட்டிச் சுவரையும் பூசிவிடலாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்துக் கொல்லைப்பக்கம் போனார். ஏணியோடு திரும்பி வந்தார்.

"பூசிட்டா அப்புறம் கெடைக்காது. போட்டோ எடுத்துக்குங்க சார். ரெண்டு நிமிசம், கழட்டிடறேன்."

ஏணியைப் பிடுங்கிக் கீழே போட்டேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மண்வீடு கட்ட நினைத்து, கட்டிய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். குடை கட்டாயம். முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கிழக்குச் சுவரைப் பாருங்கள். ஆர்க்கிடெக்டை நம்பாதீர்கள், குடியிருப்பவரிடம் கேளுங்கள். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் யாராவது ஏணி ஏறுவார்கள்.