வத்தல் மூட்டைக்குள் வைத்த ஸ்வெட்டர்

எங்கள் கமுதி பஜாரில் ஸ்வெட்டர் விற்கும் கடை கிடையாது. தேவையும் இல்லை. மார்கழி அதிகாலையில்கூட ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் எங்கள் குளிர் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், கொளுத்தும் கோடையில், மிளகாய் வத்தல் காயும் களத்து ஓரம் உட்கார்ந்து நான் ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். பிள்ளைகளா, நான் பயிர் வைக்கிறவன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்தக் கோடையை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மூத்த மகள் மதுரையில் நர்சுக்குப் படித்தவள். அவளுக்கு ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஜூன் முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். சித்திரைத் திருவிழா லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது ஒரு பை நிறைய வாடாமல்லி நிறத்தில் உல்லன் நூலும் இரண்டு நீள ஊசிகளும் கொண்டுவந்தாள். ஹாஸ்டல் தோழி சொல்லிக் கொடுத்தாளாம். ஊட்டிக்குத் தானே ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

நாலு விரல் உயரம் போட்டிருப்பாள். லீவு முடிந்துவிட்டது. மே மாதக் கடைசி வரைக்கும் மதுரையில் வேலை இருந்தது. பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

"இது முடிஞ்ச மாதிரிதான்" என்று சிரித்தாள்.

"எனக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போத்தா. நான் போட்டு வைக்கிறேன்" என்றேன்.

"அய்யா, கேலி பண்ணாதீங்க."

"கேலி இல்லத்தா. களத்துல சும்மாதான உக்காந்திருக்கேன்."

பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருந்தது. அந்த அரைமணியில் சொல்லிக் கொடுத்தாள். ஒரு ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் மற்ற ஊசியை விட்டு, நூலைச் சுற்றி, இழுத்து, இந்தப் பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து, அடுத்த வரிசையைப் பின்பக்கமாகக் குத்த வேண்டும். மறந்துபோனால் எட்டாம் வகுப்புப் படிக்கும் சின்ன மகள் போனில் வீடியோ போட்டுக் காட்டுவாள் என்று ஏற்பாடு.

வத்தல் காயப்போட்ட களத்துக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும். மயில் வந்து கொத்தும். கோழி கிளறும். திடீரென்று கோடை மழை இறங்கினால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட வேண்டும். மழை பட்ட வத்தல் வெளுத்துச் சோடையாகிவிடும். இருபது வருஷமாக வேப்பமர நிழலில் உட்கார்ந்து நான் பார்த்த வேலை இதுதான். பார்ப்பது என்றால் பாதி நேரம் தூங்குவது.

அந்தக் கோடையில் நான் தூங்கவே இல்லை. முதல் வாரம் கண்ணிகளை இறுக்கி இறுக்கிப் போட்டேன். கயிறு திரித்துப் பழகிய கை. ஊசி உள்ளேயே போகவில்லை. "அய்யா, இது மாட்டைக் கட்டுறதுக்கு இல்ல" என்றாள் சின்னவள். பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாவது வாரம் கை தானாக இளகிவிட்டது. ஊசியும் ஊசியும் உரசும் சத்தம், மேலே வேப்பம்பழம் தின்ன வந்த காக்கையின் சத்தம், எதிரே சிவப்பாய் விரிந்து கிடக்கும் வத்தல். ஒரு வரிசைக்குத் தொண்ணூற்றாறு கண்ணி. எண்ணிக்கொண்டே போகும்போது மனதில் வேறு எதுவும் நுழையாது. மழை வருமா, விலை போகுமா என்ற கவலையெல்லாம் ஐம்பதாவது கண்ணியில் கழன்று விழுந்துவிடும். சாயங்காலம் பார்த்தால் மடியில் நாலு விரல் அளவு துணி கூடியிருக்கும். மிளகாய்ச் செடி இப்படி ஒரு நாளில் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்துக் களத்துக்காரர் எனக்கு மாமன் முறை. முதல் நாளே வந்துவிட்டார்.

"ஏலே மாப்ள, மம்பட்டி பிடிச்ச கையி ஊசி பிடிக்குதாக்கும்! என் ஆடு ஒண்ணு அம்மணமாத் திரியுது. அதுக்கும் ஒண்ணு போட்டுவிடேன்."

"அளவெடுக்கணும் மாமா. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து வாங்க" என்றேன்.

திட்டிக்கொண்டே போனார். ஆனால் தினமும் வந்தார். "முதுகு முடிஞ்சிருச்சா, கை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்காமல் அவருக்குப் பொழுது போகாது.

ஒரு நாள் மூத்தவள் போனில் பேசும்போது, "போட்டு முடிச்சதைப் பத்திரமா வைங்கய்யா. பூச்சி, எலி கடிச்சிரப் போகுது" என்றாள்.

பூச்சிக்கும் எலிக்கும் எங்களிடம் ஒரே மருந்துதான். துவரம்பருப்பு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் என் மனைவி நாலு வத்தலைப் போட்டு வைப்பாள், வண்டு வராது. நானும் அதையே செய்தேன். முடிந்த துண்டு ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஒரு கை வத்தலை வைத்துச் சுருட்டினேன். போதாது என்று, சுருட்டியதை வத்தல் மூட்டைக்குள்ளேயே செருகி வைத்தேன். எந்த எலி வரும்?

மே மாதக் கடைசியில் முன்பக்கம், முதுகு, இரண்டு கை எல்லாம் முடிந்து, தைத்தும் ஆகிவிட்டது. மூத்தவள் வந்து இறங்கிய அன்றே போட்டுப் பார்த்தாள். அளவு கனகச்சிதம். சின்னவள் கைதட்டினாள். என் மனைவி திருஷ்டி கழிக்க உப்பு எடுக்கப் போனாள்.

அவள் உப்போடு திரும்புவதற்குள் மூத்தவள் தும்மினாள். ஒன்று, இரண்டு, ஏழு வரைக்கும் எண்ணினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. கழற்றி எறிந்தாள்.

"என்னத்தய்யா வச்சீங்க இதுக்குள்ள?"

"ஒரு கை வத்தல்தான்த்தா. பூச்சிக்கு."

மூட்டை கனத்தில் அந்த வத்தல் நொறுங்கி, தூளும் விதையுமாகக் கண்ணிகளுக்குள் ஏறியிருந்தது. ஆனால் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் மோந்து பார்த்தேன். என் மனைவி முகத்தில் அழுத்திப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு" என்றாள். பக்கத்துக் களத்து மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "புது நூல் வாசம்தான் மாப்ள வருது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நீங்க எல்லாரும் வத்தல்லயே ஊறிப்போனவுக. உங்க மூக்க வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள் மூத்தவள். நாலு வருஷ ஹாஸ்டலில் அவள் மூக்கும் தோலும் வேறாகிவிட்டன.

இரண்டு தடவை தண்ணீரில் அலசிக் காயப்போட்டோம். மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். எரிந்தது. அலச அலச எரிச்சல் எல்லாப் பக்கமும் பரவியதுதான் மிச்சம்.

"விடுங்கய்யா. அங்கன போயி ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்றாள்.

ஊட்டியில் ஆயிரம் கடை இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் போட்டதை அவள் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றுதான் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தேன். வாயால் அதைச் சொல்ல வரவில்லை. "சரித்தா" என்றேன். சொன்ன விதம் சரியில்லை போலிருக்கிறது. அவள் என்னையே பார்த்தாள்.

"கிளம்ப இன்னும் ஒம்போது நாளு இருக்கு. பிரிச்சு, ஷாம்பு போட்டு நூலைத் துவைச்சிட்டா எரியாது. ஒம்போது நாள்ல மறுபடியும் போடுவீங்களா?"

"சோறு மட்டும் குடுங்க. போட்டுருவேன்" என்றேன்.

பிரிப்பது இவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நூல் முனையைப் பிடித்துக்கொண்டு சின்னவள் வேப்பமரம் வரைக்கும் ஓடினாள். திரும்ப ஓடி வந்தாள். ஸ்வெட்டர் என் கையில் கடகடவென்று உருகியது. நாற்பது நாள் வேலை ஒரு காலைப் பொழுதில் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் கால்களில் நூலைச் சுற்றிக் கட்டினோம். ஷாம்பு பாக்கெட் பதினெட்டு செலவானது. துவைத்ததெல்லாம் மூத்தவள். எங்கள் கைகளைப் பக்கத்திலேயே விடவில்லை.

காய்ந்த நூலை மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தாள். எரியவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்காரக் கூடாது என்றாள். "சுவருகூட காரமா இருக்கு. வத்தல் இல்லாத ஊருக்குப் போயிப் பின்னுங்கய்யா."

என் மனைவி உடனே தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை இருப்பது ராமேஸ்வரம் போகும் வழியில், அக்காள்மடத்தில். "மச்சானை அனுப்பிவிடுக்கா" என்று அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"களத்துல இன்னும் மூணு மூட்டை கிடக்கே" என்றேன்.

"நாங்க பாத்துக்கிறோம். நீங்க நகத்த வெட்டுங்க" என்றாள் என் மனைவி.

நகம் வெட்டி, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, புது வேட்டி கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பஸ் ஏறினேன்.

என் சகலை தனுஷ்கோடிக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போது என்னையும் பக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஆட்கள் கடல் பார்த்துவிட்டு வரும் வரைக்கும் காலி ஆட்டோவின் பின்சீட்டு எனக்கு. இரண்டு பக்கமும் கடல். காற்றென்றால் அப்படிக் காற்று. களத்தில் வியர்த்து வியர்த்துப் போட்ட வரிசைகளை இங்கே வியர்வையே இல்லாமல் போட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டே போட்டால் மட்டும் ஒரு கண்ணி தப்பிவிடும். ஒரு தடவை நூல் உருண்டை கீழே விழுந்து, காற்று அதை மணலில் உருட்டிக்கொண்டு போனது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். சுற்றுலா வந்தவர்கள் கடலை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார்கள்.

அங்கே வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

"அண்ணே, கண்ணி ரொம்பச் சின்னதா இருக்கே. என்ன மீனுக்கு இந்த வலை?"

"மலை மீனுப்பா. ஊட்டியில கெடைக்கும்."

"அப்ப நமக்குப் படகு பத்தாது" என்று சிரித்தார்.

அவர் கை போகும் வேகத்தைப் பார்த்து என் கையும் வேகம் பிடித்தது. யார் முதலில் முடிப்பது என்று எங்களுக்குள் பேசாமலே ஒரு பந்தயம். அவர்தான் ஜெயித்தார். என் முதுகுத் துண்டும் முன்பக்கமும் ஒரு கையும் முடிந்திருந்தன. இன்னொரு கை பாதியில் நின்றது.

ஒன்பதாம் நாள் என் மனைவியும் மகள்களும் மூன்று பேரும் ராமேஸ்வரம் வந்தார்கள். புது வேலைக்குப் போகுமுன் சாமி கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து நேரே மதுரைக்கு. மதுரையில் மூத்தவள் மட்டும் கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டும். அவர்கள் கோயில் போய்த் திரும்பும் வரைக்கும் நான் பின்னினேன். மதுரை பஸ்ஸில் ஏறியும் பின்னினேன்.

மிச்சமிருந்ததில் பாம்பன் பாலத்தில் கால் பங்கு. ராமநாதபுரத்தில் முக்கால். பஸ் குலுங்கும்போதெல்லாம் என் மனைவி என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். சின்னவள் வரிசை எண்ணினாள். பின்சீட்டு அம்மாள் எழுந்து நின்று பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, எறங்குறதுக்குள்ள முடிஞ்சிருமா?" என்றார்.

"டிரைவரை பிரேக் போடாம ஓட்டச் சொல்லுங்க. முடிச்சிருவேன்."

பரமக்குடி தாண்டியதும் கை முடிந்தது. தைப்பதற்காகக் கோணி ஊசியை எடுத்தேன்.

"அய்யா! மூட்டை தைக்கிற ஊசியா அது?" என்று சின்னவள் கத்திய கத்தில் பஸ்ஸே திரும்பியது.

"புதுசும்மா. ராமேஸ்வரத்துல வாங்குனது."

மூத்தவள் அதை வாங்கி மோந்து பார்த்த பிறகுதான் தைக்க விட்டாள்.

மானாமதுரை வந்தபோது கடைசி முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துக் கொடுத்தேன். அவள் சுடிதார் மேலேயே தலை வழியாக மாட்டிக்கொண்டாள். மதிய வெயில். ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவள் மூக்கையே பார்த்தோம். விஷயம் தெரிந்த பின்சீட்டு அம்மாளும் பார்த்தார். "பத்து நிமிஷம் போகட்டும்" என்று கண்டக்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து நிமிஷம் ஆனது. தும்மல் இல்லை. என் மனைவி காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. வியர்வை மட்டும் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டு அம்மாள் "நல்லா இரு தாயி" என்றார்.

"ஏம்மா, கழட்டிரும்மா. மயங்கி விழுந்துறப் போற" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ணே" என்றாள் என் மகள். மதுரை வரைக்கும் அவள் கழற்றவில்லை. நானும் சின்னவளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டே போனோம்.