வியாழக்கிழமைகளில் அக்கா வைத்த இரண்டாவது தட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இப்படி எழுதுவதெல்லாம் வீட்டு மூத்தவர்கள் செய்யவேண்டிய காரியம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் பேனா என்னிடம் வந்துவிட்டது. "இருக்கதை இருக்கபடி எழுதுலே. ஊருல எல்லாரையும் எழுதுத மாதிரி தெய்வம், தேவதைன்னு எழுதி வைக்காத. அவளுக்கே சிரிப்பு வந்துரும்" என்று அம்மா சொன்னார். அதன்படியே எழுத முயல்கிறேன்.

அக்கா பிறந்தது புளியங்குடியில். அப்பா அங்கே எலுமிச்சங்காய் கமிஷன் கடையில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவர் மஞ்சள் காமாலையில் காலமானார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்து, மாமா வீட்டுக்கு அடுத்து, பல குடும்பங்கள் சேர்ந்து இருந்த வளவில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்து, பீடி சுற்றி எங்களைக் காப்பாற்றினார். அக்காவும் சிறு வயதிலேயே மடியில் சுளகு முறத்தை வைத்துக்கொண்டு அம்மாவோடு பீடி இலை வெட்ட உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குள் அக்கா போனதெல்லாம், பிற்பாடு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று மட்டுமே.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமா ஒரு செய்தி கொண்டுவந்தார். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு சிறிய பங்களாவில் சுவீடன் நாட்டு அம்மையார் ஒருவர் தனியாக இருக்கிறார், வீட்டோடு தங்கி வேலை பார்க்க ஒரு பெண் வேண்டுமாம் என்றார். அந்த அம்மையார் நம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பல காலம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். சாரல் குளிர் தன் ஊரை ஞாபகப்படுத்துகிறது என்று குற்றாலத்தில் தங்கிவிட்டவர். எல்லாரும் அவரை 'சிஸ்டரம்மா' என்பார்கள். அம்மாவுக்கு அனுப்ப மனமில்லை. ஆனால் என்னைப் படிக்கவைக்க வேறு வழியும் இல்லை. அக்கா ஒரு துணிப்பையோடு மாமாவின் பின்னால் போனார்.

அங்கே முதல் வியாழக்கிழமை நடந்ததை அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். காய்ந்த மஞ்சள் பட்டாணியை முந்தின நாளே ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, வெங்காயம் போட்டு, பட்டாணி கரைந்து கூழாகும்வரை சின்னத் தீயில் வேகவிடச் சொன்னாராம் சிஸ்டரம்மா. மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. அவர் ஊரில் அதில் பன்றி இறைச்சி போடுவார்களாம். அக்கா அதைத் தொடமாட்டார் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார். அவர் ஊர் வாசனை இலை ஒன்று இங்கே கிடைக்காததால் கொல்லையிலிருந்த கற்பூரவல்லி இலையைக் கிள்ளிப் போட்டார்களாம். கடுகை வினிகரில் ஊறவைத்து, கொஞ்சம் சீனியோடு அம்மியில் அரைத்து, தட்டின் ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். சூப்பு முடிந்ததும் மைதா, பால், முட்டை கலந்து மெல்லிசாக ஊற்றிய தோசை. அதற்கு மலைப்பக்கம் பழுக்கும் கிளாக்காயில் காய்ச்சிய சிவப்பு ஜாம். சுவீடன் நாட்டில் பெரிய வீடானாலும் சின்ன வீடானாலும் வியாழக்கிழமை என்றால் இதுதானாம்.

மேசையில் சிஸ்டரம்மா இரண்டு தட்டு வைத்தார்.

"விருந்தாள் யாரும்மா வாராவ?" என்று அக்கா கேட்டார்.

சிஸ்டரம்மா பேசுவது புத்தகத் தமிழ். "விருந்தாள் ஒருவரும் இல்லை. நீ உட்கார்."

"நான் பொறவு அடுப்பங்கரையில சாப்பிட்டுக்கிடுதேன்."

"நீ உட்காராவிட்டால் நானும் உண்ண மாட்டேன். எனக்குப் பசி அதிகம். ஆகையால் சீக்கிரம் உட்கார்."

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது அவருக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் முதலில் நான், பிறகு அக்கா, எல்லாம் ஓய்ந்தபின் அடுப்பங்கரை மூலையில் அம்மா என்று தனித்தனியாகத்தான் சாப்பாடு. அன்று அக்கா வெட்கத்தில் அரைத்த கடுகை ஒரு வாய் நிறைய வைத்துக்கொள்ள, அது மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கொட்டி, இருவரும் சிரித்த சிரிப்பில் சூப்பு மேசையெல்லாம் சிந்தியதாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா மூக்கைத் தேய்த்துக்கொள்வார்.

ஏழெட்டு வருடம் அக்கா அங்கே இருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். அக்கா அருவிக் கரைப் படியேறும்போது மூச்சு வாங்குவதைக் கவனித்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டு, சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவரும் சிஸ்டரம்மாதான். பிறகு அவருக்கே முழங்கால் முடியாமல் போய்விட்டது. சுவீடனிலிருந்து அவருடைய தங்கை மகன் வந்து அழைத்துப்போனார். அக்கா ஒரு தோசைச் சட்டியையும் இரண்டு பீங்கான் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு தென்காசிக்குத் திரும்பினார்.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மா, "வெள்ளக்காரி கூட ஒரே மேசையில சாப்பிடுவியாமே, உள்ளதா?" என்று கேட்டார். மாமா கண்ணைக் காட்டினார். அக்காவோ, "உள்ளதுதான் ஆச்சி. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை சாப்பிட்டேன். நெஞ்சுல கோளாறு இருக்கதையும் சொல்லிருதேன், பொறவு யாரும் ஏமாத்திட்டோம்னு சொல்லக்கூடாது" என்றார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை.

அக்கா பழையபடி பீடி சுற்ற உட்கார்ந்தார். வியாழக்கிழமை மட்டும் மதியத்தில் தனக்கென்று தனி அடுப்பு மூட்டி அந்தச் சூப்பை வைப்பார். தரையில் பாயை விரித்து, எதிரும் புதிருமாக இரண்டு தட்டு வைத்து, இரண்டிலும் ஊற்றுவார். ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசலைப் பார்ப்பார். பிறகு தனியாகச் சாப்பிட ஆரம்பிப்பார். நான் அப்போது திருநெல்வேலியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தேன்; பிறகு வேலையும் அங்கேயே அமைந்தது. வியாழக்கிழமைகளில் நான் ஊரில் இருந்ததில்லை.

நம்மிடையே ஆளில்லாத இலையில் எப்போது சோறு வைப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். வளவில் பேச்சு கிளம்பிவிட்டது. வெள்ளைக்கார அம்மா செத்துப்போய்விட்டாள், இவள் வாராவாரம் படையல் போட்டுக் கூப்பிடுகிறாள் என்றார்கள். மாமா பயந்துபோய் மந்திரித்த திருநீறு வாங்கிவந்தார்.

"ஏட்டி, நெத்தியில பூசு. அந்தம்மா உம்மேல எறங்கியிருக்காளா?"

"மாமா, எறங்குத பேய்க்கு ஒறப்பில்லாத சாப்பாடு எதுக்கு? கறிக்கொழம்பு வைக்க வீடா பாத்துல்லா போவும்!"

"சிரிக்காத. அப்பம் அந்தத் தட்டு யாருக்கு?"

"யாராவது வந்து உக்காந்தா அவியளுக்கு. நீங்க உக்காருதியளா?"

மாமா திருநீற்றுப் பொட்டலத்தை விட்டத்தில் செருகிவிட்டு, சோலி இருக்கிறது என்று போய்விட்டார். இது நடந்தது பொங்கல் விடுமுறையில், நானும் கூட இருந்தேன். அன்று வியாழக்கிழமை இல்லை.

அக்கா உண்மையில் அழைத்தது அம்மாவைத்தான். ஒவ்வொரு வியாழனும் "வாம்மா" என்பார். "நான் பொறவு சாப்பிடுதேன்" என்பார் அம்மா. பத்து வருடம் இந்த இரண்டு பேச்சும் மாறவில்லை. ஒருநாள் மட்டும் அம்மா வெடித்துவிட்டாராம். "ஒன்னைப் பெத்தவ நானா, அவளாட்டி? அவ வீட்டுச் சாப்பாட்டுல அப்படி என்ன இருக்கு? நான் ஒனக்குச் சோறே போடலியா?" அக்கா எதிரே இருந்த தட்டிலுள்ளதையும் தானே எடுத்துக் குடித்துவிட்டு, இரண்டு தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்தார்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உப்பு, காரம், எண்ணெய் மூன்றும் ஆகாது என்றார் டாக்டர். "பாத்தியா தம்பி, இப்பம் சிஸ்டரம்மா சூப்புதான் எனக்கு வைத்தியம்" என்றார் அக்கா. நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அப்போது வந்த வியாழனில் அக்காவால் எழுந்து நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல, அம்மா அடுப்பில் நின்றார்.

"தீயைக் குறைம்மா. கிண்டாத, கரையட்டும்."

"தெரியும்ட்டி. நான் அடுப்பைப் பாக்காதவளா?"

சற்று நேரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டது. கடுகும் வற்றலும் கறிவேப்பிலையும் வெடிக்கும் வாசம் அறை முழுக்கப் பரவியது. அம்மா தாளித்துவிட்டார்.

"எம்மா! கடுகு தாளிக்கதுக்கு இல்ல, அரைக்கதுக்கு!"

"தாளிக்காம எப்படிட்டி ஒரு சாப்பாட்டை எறக்க? கை வரமாட்டங்கு."

அக்கா சிரித்தார். சிரிப்பில் மூச்சு வாங்கியது. நான் முதுகைத் தடவிவிட்டேன். நல்லவேளையாகத் தாளிப்பு இன்னும் கரண்டியில்தான் இருந்தது. அம்மா அதை எனக்கென்று வைத்திருந்த ரசத்தில் கொட்டிவிட்டு, அம்மியில் கடுகை அரைக்க உட்கார்ந்தார். பிறகு பாயில் தட்டு வைத்தார். அவராகவே இரண்டு தட்டு வைத்தார். வைத்துவிட்டு வழக்கம்போல் கதவருகே போய் நின்றார்.

"உக்காரும்மா."

"நீ குடி. நான் பொறவு..."

"இன்னும் எப்பம்மா பொறவு?"

அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஒங்கப்பா போன பொறவு, ஒங்க ரெண்டு பேருக்கும் போட்டுட்டா சட்டியில ஒண்ணும் இருக்காது. நீ வெவரமான பிள்ள. எந்தட்டைப் பாத்துட்டா ஒந்தட்டுலேருந்து எடுத்துவைப்ப. அதான் நீங்க பாக்க உக்காந்து சாப்பிடக்கூடாதுன்னு வச்சிக்கிட்டேன். பொறவு சோறு வந்துட்டு. பழக்கம் போவல. ஒன் எதுக்க உக்காந்தா எனக்கு எறங்காதுட்டி. அவ மேல கோவம் எல்லாம் இல்ல. அவ உக்காந்துட்டா. என்னால முடியல."

அக்கா தன் தட்டைக் கையில் எடுத்துச் சாய்த்துக் காட்டி, "இங்க பாரு, என் தட்டு நெறைய இருக்கு. ஒன் தட்டும் நெறைய இருக்கு. சட்டியிலயும் கெடக்கு. இனி என்ன?" என்றார்.

அம்மா வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகம் சுருங்கியது.

"எப்படி இருக்கு?"

"உப்புமில்ல, ஒறப்புமில்ல. இதுக்கா பத்து வருசம் கூப்பிட்ட?" என்றார் அம்மா. ஆனால் கையை எடுக்கவில்லை. பாதித் தட்டு காலியான பிறகு, "வயித்துக்கு எதமாத்தான் இருக்குட்டி" என்றார். அக்கா குடித்தது கொஞ்சம்தான். ஆனாலும் அம்மா முடிக்கும்வரை எழுந்திருக்காமல் எதிரே இருந்தார். எனக்கு மூன்றாவது பீங்கான் தட்டு இல்லாததால் எவர்சில்வர் தட்டில் ஊற்றிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அதை முதல்முறையாகச் சாப்பிட்டது அன்றுதான்.

அடுத்த வியாழன் வருவதற்குள் அக்கா போய்விட்டார். விடியற்காலையில், தூக்கத்திலேயே.

சிஸ்டரம்மாவின் பழைய முகவரிக்கு ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அவர் இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. எங்கிருந்தாலும் அவருக்கு முதல் நன்றி. எந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் கார் எடுத்துவந்த பக்கத்துத் தெரு அண்ணாச்சிக்கும், ஆஸ்பத்திரியில் அக்காவை 'அக்கா' என்றே அழைத்துக் கவனித்த நர்சுகளுக்கும், ஒவ்வொரு சீசனிலும் கிளாக்காயைத் தனியே எடுத்து வைத்துக் கொடுத்தனுப்பிய குற்றாலம் பழக்கடைக்காரருக்கும், துக்கத்தில் அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த வளவுக்காரர்களுக்கும், எல்லாக் காரியத்தையும் முன்னின்று நடத்திய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எனக்கு வேலை திருநெல்வேலியில். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வர முடிகிறது. அம்மா என்னோடு வர மறுக்கிறார். இந்த ஒரு வருடமாக வியாழக்கிழமைதோறும் மதியத்தில் அவர் பட்டாணியை வேகவைத்து, இரண்டு தட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். உறவுக்காரர்களே, அன்றைக்கு எங்கள் தெருப்பக்கம் வந்தால், அது யாருக்கான தட்டு என்று நினைத்துப் பயந்து ஒதுங்கிப் போகாதீர்கள். அம்மா வாய்விட்டுக் கூப்பிடமாட்டார். நீங்களாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவருக்கு எதிரே உட்காருங்கள். சாப்பாடு பிடிக்காவிட்டால் சங்கடப்பட வேண்டாம். வீட்டில் ஊறுகாய் இருக்கிறது.

உங்கள் அன்புள்ள,
தம்பி
தென்காசி