எனாமல் கோப்பை

எழுபதுகளில், இலங்கை மலையகத்தின் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கரின் மகளுக்கு மாலைகளில் இரசாயனம் சொல்லிக்கொடுத்தேன். அதே தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து ஆசிரியையானவள் நான். அந்த வீட்டில் எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில்தான் தேநீர். எனக்கு மட்டும், லயத்து ஆட்களுக்கென்று பின்வாசல் ஆணியில் தொங்கும், விளிம்பு பெயர்ந்த எனாமல் கோப்பை.

பிள்ளை ஒருநாள் ஏதோ அறிவியல் சஞ்சிகையில் வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அணு உலையில எரிபொருள வச்சிருக்கிற பென்சில்கரிக்கு மேல எதுக்கு டீச்சர் பீங்கான் மாதிரி பூச்சு பூசுறாங்க?"

"பென்சில்கரி எவ்வளவோ சூடு தாங்கும். ஆனா அந்தச் சூட்டுல காத்து பட்டா எரிஞ்சு போயிரும். அதுக்குத்தான் பூச்சு. சூட்டுல ரெண்டும் ஒரே அளவா விரியணும், இல்லாட்டி பூச்சு வெடிச்சுப் பேந்துரும்" என்றேன். கையிலிருந்த கோப்பையையே காட்டினேன். "இங்க பாரு, எனாமல் பேந்த எடத்துல இரும்பு துருப்பிடிச்சிருக்கு."

பாடத்துக்காகத்தான் காட்டினேன். கொஞ்சம் கோபமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். கதவருகே நின்ற அவளுடைய அம்மாவின் முகம் வாடிவிட்டது.

அடுத்த வாரம் அந்த அம்மாவே தேநீர் கொண்டுவந்தார். "பேந்த கோப்பையில குடுத்தது மனசுக்கு ஒரு மாதிரியா போச்சுங்க டீச்சர். பதுளைக்குப் போய் புதுசு வாங்கிட்டு வந்தேன்."

பாவம், உண்மையாகவே வருந்தியிருந்தார். கீறல் ஒன்றுமில்லாத வெள்ளை எனாமல் கோப்பை. நான் குடித்து முடித்ததும் பக்குவமாகக் கழுவி, அதே ஆணியில் மாட்டினார்.