சாட்சிக்காக அழைத்த விருந்து

டிசம்பர் இருபது தாண்டிவிட்டால் மந்தைவெளியில் எங்கள் வீட்டுத் தலையணை உறைகூட வனஸ்பதியும் ஏலக்காயுமாக மணக்கும். அம்மாவும், பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய அத்தையும் அடுப்படியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டுச் சுட்டு டின்களில் அடைப்பார்கள். எதிர்வீட்டு மாமிக்காக முட்டை சேர்க்காத அச்சு முறுக்கு தனி டின்னில் இருக்கும். தட்டைத் துணியால் மூடித் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தீபாவளிக்கு அவர்கள் தந்ததற்கு இது பதில், இதற்கு அடுத்த தீபாவளிக்கு அவர்களிடமிருந்து பதில் வரும். பதில் வராத வீட்டுக்குத் தட்டு போனதாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து நடந்துவந்த எங்கள் சபையில், முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமானால் முதலில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று "சாட்சி" சொல்ல வேண்டும். வேதத்தில் உள்ள ஒரு போதனையைக் கைக்கொண்டு பார்த்து, அது மெய் என்று தன் அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்ல வேண்டும் என்பது பாஸ்டர் வைத்திருந்த சட்டம். என் வயதுப் பிள்ளைகள் என்னவோ கணக்குப் பரீட்சையையும் காய்ச்சலையும் வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காய்ச்சலும் வரவில்லை, கணக்கும் நன்றாகவே வந்து தொலைத்தது. சாட்சி இல்லாத பிள்ளை என்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

அப்போதுதான் அந்த மாதப் பிரசங்கத்தில் விருந்தைப் பற்றிய போதனை வந்தது. நீ விருந்து வைத்தால் திருப்பி அழைக்க வசதியுள்ள உறவுக்காரரையும் பணக்கார அயலாரையும் அழைக்காதே, திருப்பிச் செய்ய முடியாதவர்களை அழை என்கிற போதனை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை சுலபமாக ஒரு சாட்சி கிடைக்கும்போது எதற்குக் காய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டும்? கூட்டம் முடிந்ததும் நேராக எஸ்தரிடம் போனேன்.

எஸ்தருக்கும் என் வயதுதான். கால்வாய்க் கரையில் குடிசை வீடு, அப்பா கிடையாது. அவள் அம்மா வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலங்களில் சபைக் கூடத்தைப் பெருக்கித் துடைத்துப் பாய் விரிப்பார். அதற்கு "ஊழியம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆகவே கூலி கிடையாது. கூடத்தின் முன்பாதியில் நாற்காலிகள், பின்பாதியில் பாய்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை. மேடையிலிருந்து எல்லோரையும் "சகோதரி" என்பார்கள். படியிறங்கிவிட்டால் அவர் "எஸ்தரம்மா" ஆகிவிடுவார்.

"கிறிஸ்மஸ்க்கு நீயும் உங்கம்மாவும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. டேபிள்ல, என் பக்கத்துலதான் நீ உக்காரணும்" என்றேன்.

எஸ்தர் உடனே நம்பவில்லை. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். சாட்சி தேடிப் புறப்பட்டவள் சொன்ன முதல் பொய் அது.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம், மட்டன் பிரியாணி மேசைக்கு வந்து அப்பா ஜெபம் பண்ணி முடித்த நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. நான் ஓடினேன், பின்னாலேயே அம்மா வந்தாள். எஸ்தர் தலையில் இரண்டு ரிப்பன்கள். அவள் அம்மா கஞ்சி மொடமொடப்புப் போகாத ஊதாப் புடவை கட்டியிருந்தார். கையில் ஒரு காகிதப் பை, அதற்குள் நான்கு ஆப்பிள். விருந்துக்குப் போகிறவர்கள் வெறும் கையோடு போகக் கூடாது என்று யாருக்குத்தான் தெரியாது?

"யம்மோவ், கிறிஸ்மஸ் வாழ்த்து. பாப்பா கூப்ட்டுச்சி, அதான் வந்துட்டோம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படி அத்தனை சீக்கிரம் வரவழைத்தாள் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். "வாங்க எஸ்தரம்மா, வாழ்த்துக்கள். ஊர்ல இருந்து ஆள் வந்திருக்கு, உள்ள இருக்க இடமே இல்ல பாத்துக்கிடுங்க. நான் நெறையப் போட்டுத் தாரேன், வீட்ல போயி ஆற அமரச் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஆப்பிள் பையை வாங்கிக்கொண்டாள்.

இடம் இருந்தது. ஆறு நாற்காலியில் நாங்கள் நான்கு பேர்தான். கேட்டில் நின்றவர்களுக்கும் கதவு வழியாக அது தெரிந்தது.

அம்மா உள்ளே போய் தூக்குவாளியில் பிரியாணியை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். கஞ்சத்தனம் பண்ணினாள் என்று அவளை ஒருபோதும் சொல்ல முடியாது. கறித்துண்டுகளாகப் பார்த்துத்தான் போட்டாள். அதற்குள் எஸ்தர் என் பக்கத்தில் வந்து, அவள் அம்மாவுக்குக் கேட்காத குரலில், "உன்கூட குந்திகினு துன்லாம்னு நீதான சொன்ன?" என்றாள்.

"நான் சும்மா சொன்னேன்" என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன்? அம்மாவுக்குப் பயந்தா, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பயந்தா? எந்தக் காரணம் சொன்னாலும் அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. எஸ்தரின் முகம் சுண்டிப்போனது. என் அம்மா தூக்குவாளியோடு வந்ததும், அவள் அம்மா மட்டும், "பரவால்லம்மா, இன்னா இப்போ, வூட்டாண்ட போய்த் துன்னுக்கிறோம்" என்று தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி கிடுகிடுவென்று நடந்துவிட்டார்.

"சபையில சேந்து பாடுறது வேற, வீட்டுல சேந்து உக்காந்து சாப்பிடுறது வேற. இதுகூடத் தெரியாம வளத்து வச்சிருக்கியேளா" என்று அத்தை அம்மாவைத்தான் ஏசினாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆப்பிளை நறுக்கித் தின்றோம். நானும் தின்றேன். இரண்டு நாள் கழித்து தூக்குவாளி எங்கள் கேட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்களா, கால்வாயில் கொட்டினார்களா என்பது எனக்குத் தெரியாது.

இத்தோடு போயிருந்தால் ஒரு பிள்ளையின் அசட்டுத்தனம் என்று மறந்திருப்பேன். ஜனவரி முதல் ஞாயிறு சாட்சி ஞாயிறு. என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்ட அப்பாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அலுவலகத்தில் பிறர் எழுதும் கடிதங்களைத் திருத்தியே பழகிய கை அவருக்கு. "கேட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினோம்" என்பதை அடித்துவிட்டு "உபசரித்தோம்" என்று போட்டார். பொய்யையும் மழுப்பலையும் பற்றி நான் எழுதியிருந்த நாலு வரியையும் அடித்தார். "சாட்சின்னா கர்த்தருக்கு மகிமையா இருக்கணும், சண்டை மூட்டக் கூடாது" என்றார். நான் அதை அப்படியே படித்தேன். கிறிஸ்மஸ் அன்று ஒரு ஏழைக் குடும்பத்தை உபசரித்தோம், அதில் கிடைத்த சந்தோஷம் வேறெதிலும் இல்லை, ஆகவே இந்தப் போதனை மெய். கூடமே "ஸ்தோத்திரம்" என்று அதிர்ந்தது.

பக்கத்து நாற்காலி அம்மாள், "எந்தக் குடும்பம்?" என்று கேட்டதும் என் அம்மா பாய்களின் பக்கம் மோவாயைக் காட்டினாள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எஸ்தரின் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தார். எஸ்தர் குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நனைக்காத விருந்துக்கு நன்றியும் சேர்த்து அவர்களிடம் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை கூடம் பெருக்கப்படவில்லை. அவர்கள் அதன் பிறகு வரவே இல்லை. விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார்கள் என்கிற அர்த்தத்தில் பாஸ்டர் "பின்மாற்றம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, ஊழியத்துக்கு வேறு சகோதரியைத் தேடினார். மாசிக்குள் பட்டினப்பாக்கம் கடலில் என்னை முக்கி எடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உப்புத் தண்ணீர் தொண்டையில் ஏறி இருமலாக வந்தது, அழுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நாலைந்து வருஷம் கழித்து, கல்லூரிக்குத் துணி எடுக்க தி. நகரில் ஒரு கடைக்குப் போனபோது, சுடிதார் பிரிவில் நெற்றியில் குங்குமத்தோடு எஸ்தர் நின்றிருந்தாள். "மேடம், இன்னா சைஸ் பாக்குறீங்க?" என்று கேட்ட பிறகுதான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அன்றைக்கு நடந்ததற்காக மன்னித்துவிடு என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். துணியை மடித்துக்கொண்டே, "அட, அத்த வுடு. எங்கம்மாதான், அதுக்கப்பறம் யார் வூட்டு விசேஷத்துக்கும் போகல. யாராச்சும் கூப்ட்டா, வேலை கீதுன்னுடும். சாவுற வரைக்கும் போகல" என்றாள். பிறகு வேறொரு வாடிக்கையாளர் கூப்பிட, போய்விட்டாள்.

இப்போது அந்த மண்டபம் இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. கால்வாய்க் கரைக் குடிசைகளும் இல்லை. கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. அத்தை போய்விட்டாள். அம்மாவிடம் எப்போதாவது அந்தக் கதையை எடுத்தால், "நாம என்ன கொறை வச்சோம்? கறியாப் பாத்துத்தான போட்டேன்?" என்கிறாள். அந்தப் போதனை மெய் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதை மீறியதால் தெரியும். ஆனால் அந்தச் சாட்சியைச் சொல்ல எந்தச் சபையிலும் நான் எழுந்ததில்லை.

போன கிறிஸ்மஸ் அன்று, அடையாற்றில் எங்கள் வீட்டுக்குச் சமைக்க வரும் ராணியம்மாவை எங்களோடு மேசையில் உட்காரச் சொன்னேன். "வேணாம்மா, ஒரு டப்பால போட்டுக் குடுத்துடு, வூட்டுக்கு எட்த்துனு போறேன்" என்றார். நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. டப்பாவைத் தேடி எழுந்தபோது, அப்பாடா என்றிருந்தது எனக்கு.